லினக்ஸுக்கு யார் பொறுப்பு?

2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அதே நாளில் அயர்லாந்தைச் சேர்ந்த ஒரு சிறு நிறுவனம் சோரின் ஓஎஸ் 18 என்ற தன் புதிய லினக்ஸ் பதிப்பை வெளியிட்டது. நாள் பார்த்துத்தான் வெளியிட்டார்கள். விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், ஏறத்தாழ 2018-க்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினிகள் எத்தனையோ அந்த வரம்புக்கு வெளியே நிற்கின்றன.

காரைக்கால் பாரதியார் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அந்தத் தேதிக்குப் பிறகு கடைக்கு வரும் பழைய லேப்டாப்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வருகின்றன: "அக்கா, இதுல பதினொண்ணு ஏறுமா? ஏறலன்னா வேற என்ன பண்றது?" அந்த 'வேற என்ன'வுக்கு என்னிடம் இருக்கும் பதில் லினக்ஸ். லினக்ஸை விலைக்கு விற்றுப் பிழைக்க முயன்ற சிறு நிறுவனங்களின் கதை எனக்குப் பிடித்தமான கதை. அவர்கள் எதை விற்றார்கள், வாங்க வந்தவர்கள் எதைத் தேடினார்கள் என்பதை இந்தச் சந்துக்குள் உட்கார்ந்துகொண்டே நன்றாகப் பார்க்க முடிகிறது.

கறாராகச் சொன்னால், லினக்ஸ் என்பது கணினியின் உறுப்புகளோடு பேசும் உள்மையம் மட்டும்தான். பின்லாந்தில் கல்லூரி மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் அதை வெளியிட்டார். திரையில் தெரியும் முகப்பு, இணைய உலவி, கடிதம் தட்டும் மென்பொருள், அச்சுக்கான ஏற்பாடு எல்லாவற்றையும் வேறு வேறு பேர் எழுதுகிறார்கள். இவற்றைச் சேர்த்து, ஒன்றோடொன்று மோதாமல் ஓடும்படி சரிசெய்து, ஒரே தொகுப்பாகத் தருவதைத்தான் டிஸ்ட்ரோ என்கிறோம். ஒரே மளிகைச் சாமான்தான். கல்யாணச் சமையலின் ருசி கைக்குக் கை மாறுகிறது. உபுண்டு, மின்ட், டெபியன், சூசே எல்லாம் அப்படி வெவ்வேறு கைகளின் சமையல்.

இதில் ஒரு வியாபாரச் சங்கடம் இருக்கிறது. இவற்றுள் பெரும்பகுதியின் உரிமம், மூலநிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம், படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம் என்கிறது. ஒரு நிறுவனம் அதைத் தாராளமாக விலைக்கு விற்கலாம். ஆனால் வாங்கியவர் அதைப் படியெடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதைத் தடுக்க முடியாது. பெரிய நிறுவனங்களுக்கு இது சிக்கலில்லை. ரெட் ஹாட் போன்றவை வங்கிகளுக்கும் தொலைபேசி நிறுவனங்களுக்கும் சர்வர் ஆதரவை விற்றுப் பணம் பார்த்தன. 2003-இல் ரெட் ஹாட் தன் சாதாரண டெஸ்க்டாப் பெட்டி வியாபாரத்தையே மூடிவிட்டது. வீட்டு மேசைக்கும் கடை மேசைக்கும் லினக்ஸ் விற்க முயன்ற சிறியவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

பிரெஞ்சுத் தொடர்புள்ள எங்கள் ஊருக்கு நெருக்கமான உதாரணம் மாண்ட்ரேக். பிரான்சில் கயேல் துவால் என்ற இளைஞர் 1998-இல் தொடங்கியது. நிறுவுவது அன்றைக்கு மலையேறுவதுபோல் இருந்த காலத்தில், கேள்வி கேட்டுக் கேட்டு வழிநடத்தும் நிறுவல் திரையோடு வந்தது. பிரெஞ்சு மொழியும் பிரெஞ்சு விசைப்பலகையும் அதில் இயல்பாகவே இருந்தன. பெட்டியில் போட்டு விற்றார்கள், ஆண்டுச் சந்தா கட்டும் கிளப் வைத்தார்கள். 2003-இல் கடன் தாங்காமல் நீதிமன்றப் பாதுகாப்பைத் தேடினார்கள், அதிலிருந்து மீண்டார்கள். முத்து காமிக்ஸில் நாம் படித்த அதே மந்திரவாதி மாண்ட்ரேக்கின் உரிமை வைத்திருந்த ஹெர்ஸ்ட் நிறுவனம் பெயருக்காக வழக்குப் போட்டது. 2005-இல் பிரேசிலின் கொனெக்டிவாவோடு இணைந்து மாண்ட்ரிவா ஆனார்கள். 2015-இல் நிறுவனம் கலைக்கப்பட்டது. முன்னாள் ஊழியர்கள் 2010-இல் பிரித்தெடுத்துத் தொடங்கிய மஜேயா தன்னார்வலர்கள் கையில் பிழைத்திருக்கிறது.

அமெரிக்காவில் மைக்கேல் ராபர்ட்சன் 2001-இல் லிண்டோஸ் தொடங்கினார். வால்மார்ட்டில் 199 டாலருக்கு அது ஏற்றிய கணினிகள் விற்றன. ஒரு சொடுக்கில் மென்பொருள் இறக்கும் சந்தா ஏற்பாடு அவர்களிடம் இருந்தது. இன்று போனில் நாம் பழகிய ஆப் கடைக்குப் பல ஆண்டுகள் முந்தியது அது. பெயர் விண்டோஸைப்போல் ஒலிக்கிறது என்று மைக்ரோசாஃப்ட் வழக்குத் தொடுத்து, கடைசியில் 2004-இல் 20 மில்லியன் டாலர் கொடுத்துப் பெயரை மாற்ற வைத்தது. லின்ஸ்பயர் என்ற புதுப் பெயரோடு ஓடிப் பார்த்து, 2008-இல் சாண்ட்ரோஸ் நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. அந்த சாண்ட்ரோஸும் 2007-இல் வந்த ஏசுஸ் குட்டி லேப்டாப்களில் ஏறி ஒரு சுற்று வந்துவிட்டு மறைந்தது.

என் மனதில் நிற்பது லிப்ராநெட். கனடாவில் ஜான் டான்சிக்கும் அவர் மகன் டாலும் சேர்ந்து நடத்திய குடும்பத் தொழில். டெபியனை எடுத்துச் செம்மைப்படுத்தி விலைக்கு விற்றார்கள். வாங்கியவர் சிக்கல் என்று எழுதினால் செய்தவரே பதில் எழுதுவார். 2005-இல் தந்தை இறந்தார்; கொஞ்ச காலத்தில் லிப்ராநெட்டும் நின்றது. வாடிக்கையாளர்கள் விரும்பியதற்கும், அது நிலைக்காமல் போனதற்கும் காரணம் ஒன்றே: பொறுப்பு முழுவதும் ஓரிரு மனிதர்கள் மேல் இருந்தது.

இதற்கிடையே 2004-இல் உபுண்டு வந்தது. மார்க் ஷட்டில்வர்த் என்ற பணக்காரர் தன் பணத்தைப் போட்டு நடத்திய நிறுவனம், கேட்டவர்களுக்கெல்லாம் சிடியைத் தபால் செலவும் வாங்காமல் 2011 வரை அனுப்பியது. காரைக்கால் தபால் நிலையத்துக்கும் அந்த அட்டை உறைகள் வந்தன. விலை போட்டு விற்ற சிறியவர்கள் அதன் எதிரே நிற்க முடியவில்லை. பிற்பாடு எலிமெண்டரி ஓஎஸ் குழு 'உங்களுக்குத் தோன்றியதைக் கொடுங்கள்' என்று கேட்டுப் பார்த்தது. இறக்கியவர்களில் 99.875 விழுக்காட்டினர் ஒன்றும் கொடுக்கவில்லை என்று 2015-இல் அவர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். எண்ணூறு பேரில் ஒருவர்தான் கொடுத்திருக்கிறார்.

இந்த எண்ணைக் காட்டி, டெஸ்க்டாப்காரர்கள் காசு கொடுக்கமாட்டார்கள் என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. என் கல்லாப்பெட்டி அப்படிச் சொல்லவில்லை. எஸ்எஸ்டி மாற்றி, லினக்ஸ் ஏற்றி, பழைய கோப்புகளைக் கொண்டுவந்து வைத்து, பிரிண்டரை ஓடவைத்து, "ஏதாச்சும் ஆனா போன் பண்ணுங்க" என்று சொல்லி அனுப்பினால், கூலி கேட்டதற்கு யாரும் முகம் சுளித்ததில்லை. பதிவிறக்கப் பொத்தானுக்கு யாரும் காசு தரமாட்டார்கள். சிக்கல் வந்தால் எடுத்துப் பேசும் ஆளுக்குத் தருவார்கள்.

அந்த ஆள் யார் என்ற கேள்வியில்தான் தமிழ்நாட்டின் பெரிய முயற்சிகளும் வந்து நின்றன. உமாசங்கர் ஐஏஎஸ் எல்காட்டின் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், 2007 வாக்கில், அந்த அரசு நிறுவனம் தன் மேசைகளை சூசே லினக்ஸுக்கு மாற்றத் தொடங்கியது. அதே 2007-இல் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக், சென்னையிலிருந்து பாஸ் லினக்ஸின் முதல் பதிப்பை வெளியிட்டது. டெபியன் அடித்தளம், இந்திய மொழிகளுக்கான வசதி. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸும் அருகருகே இருந்தன. கணினியை இயக்கியதும் எது வேண்டும் என்று திரை கேட்கும். இதைவிடப் பெரிய வாசல் எந்த லினக்ஸுக்கும் எங்கள் பக்கம் திறந்ததில்லை.

காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது என்றாலும் சுற்றிலும் தமிழ்நாடுதான். நாகூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பிள்ளைகள் இங்கே கல்லூரிக்கு வருகிறார்கள். அந்த மடிக்கணினிகளும் அவர்களோடு வந்தன. பெரும்பாலான பிள்ளைகள் விண்டோஸ் பக்கத்தையே திறந்தார்கள். கொஞ்ச நாளில் "அந்த இன்னொண்ண எடுத்துட்டு இடத்த சேத்துக் குடுங்கக்கா" என்று வந்தார்கள். பாஸின் தரத்தில் இதற்குக் காரணம் தேடுவது நியாயமில்லை. பாடத்தில் அது வரவில்லை, தேர்வில் வரவில்லை. தெரு முனையில் அதைத் தெரிந்தவரும் இல்லை. பிள்ளைகள் அண்ணனையும் நண்பனையும் கேட்டுத்தான் கணினி கற்கிறார்கள். அண்ணனுக்கு விண்டோஸ் தெரிந்திருந்தது.

கேரளாவில் ஐடி@ஸ்கூல் திட்டம் வேறு வழியில் போனது. அவர்கள் முதலில் ஆசிரியர்களைப் பழக்கினார்கள், மாவட்டந்தோறும் பயிற்றுநர்களை வைத்தார்கள், பத்தாம் வகுப்பு ஐடி தேர்வையே லினக்ஸில் நடத்தினார்கள். பள்ளிக் கணினியில் எதுவும் நின்றுபோனால் அதைச் சரிசெய்யக் கடமைப்பட்ட ஒருவர் இருந்தார். எங்களைப்போலவே புதுச்சேரியின் துண்டு நிலமான மாஹேயின் பள்ளிகள் நெடுங்காலம் கேரளப் பாடத்திட்டத்தைப் பின்பற்றியவை. ஒரே அரசின் கீழ் இருக்கும் இரண்டு ஊர்களில் லினக்ஸ் அங்கே தேர்வுப் பாடமாக இருந்தது, இங்கே லேப்டாப்பில் இடத்தை அடைக்கும் பொருளாக இருந்தது. இது என்னைப் பல நாள் யோசிக்க வைத்திருக்கிறது.

சரி, மேசைக்கு வருவோம். காரைக்கால்காரர்கள் லினக்ஸிடம் என்ன கேட்கிறார்கள்?

இங்கே சொல்தாக்கள் குடும்பங்கள் நிறைய. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர்களை அப்படித்தான் சொல்வோம். மகளோ மகனோ பாரிஸ் புறநகரில் இருப்பார்கள். விடுமுறைக்கு வரும்போது தாங்கள் பழகிய லேப்டாப்பை அப்பாவிடம் விட்டுப்போவார்கள். அதில் ஏ, இசட் என்று தொடங்கும் பிரெஞ்சு விசைப்பலகை. பெரியவருக்கு வேண்டியவை கொஞ்சம்தான்: மகளோடு வீடியோவில் பேச வேண்டும், பிரான்சிலிருந்து வரும் கடிதத்துக்கு மேல்குறி போட்ட பிரெஞ்சு எழுத்துகளில் பதில் தட்ட வேண்டும், ஆண்டுக்கொரு முறை தான் உயிரோடு இருப்பதற்கான சான்றிதழை அச்சிட்டு, கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, ஸ்கேன் செய்து ஓய்வூதிய அலுவலகத்துக்கு ஏற்ற வேண்டும். அது தவறினால் ஓய்வூதியம் நின்றுவிடும் என்பதால், அந்த ஒரு நாள் பிரிண்டரும் ஸ்கேனரும் ஓடியே ஆக வேண்டும்.

இப்படி ஒரு சொல்தா ஐயா லினக்ஸ் என்றதும் தயங்கினார். "இது யாரு செஞ்சதும்மா? நாளைக்கு யாரும் இல்லன்னு கைவிட்டுட்டா?" கேள்வி மிகச் சரி. பிரான்சின் ராணுவக் காவல்படையான ஜான்தார்மெரி 2008 முதல் உபுண்டுவைத் தழுவிய தன் சொந்த லினக்ஸுக்கு மாறி, இன்று ஒரு லட்சம் கணினிகள் அளவில் அதில்தான் வேலை பார்க்கிறது என்று சொன்னேன். ஐயா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஜான்தார்மே இதுலயா ஓட்டுறான்? அப்ப போடு." லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன். அதைத் தொடங்கிய கிளெமான் லெஃபெவ்ரும் பிரெஞ்சுக்காரர்தான். மின்ட் 2006-இலிருந்து நன்கொடையிலும் விளம்பரதாரர் ஆதரவிலும் ஓடுகிறது. 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை திருத்தங்கள் வரும். ஐயா கேட்ட கேள்விக்கு அந்த 2029 என்ற ஆண்டுதான் பாதிப் பதில். மீதிப் பாதி என் போன் நம்பர்.

இரண்டாவது மேசை, தட்டச்சு, ஜெராக்ஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் ஒரே அறையில் செய்யும் கடைகளுடையது. இவர்களை மாற்றுவதுதான் கடினம், இவர்களைக் கவனித்தால் நிறையக் கற்றுக்கொள்ளலாம். இருபது, இருபத்தைந்து ஆண்டுக் கோப்புகள் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கிடக்கும். யூனிகோடுக்கு முந்தைய அந்த முறையில் கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்து. எழுத்துரு அதற்குத் தமிழ் உருவம் மாட்டியிருக்கும். எழுத்துருக் கோப்பை லினக்ஸில் ஒரு அடைவில் போட்டாலே, லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் பழைய கடிதங்கள் தமிழாகத் திறக்கும். கடைக்காரர்கள் நம்பாமல் பார்ப்பார்கள். பக்க வடிவமைப்புக்கான பேஜ்மேக்கர் 7 மென்பொருளின் கோப்பைக்கூட லிப்ரே ஆபீஸ் ஓரளவு திறந்துவிடும். எழுத்து வரும், கட்டம் கலையும், பத்திரிகை வடிவமைப்பைப் புதிதாகத்தான் அடுக்க வேண்டும்.

தட்டச்சில் இன்னும் நுணுக்கம். தமிழ்99 விசைப்பலகையில் அம்மா என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று தட்டினால் போதும். புள்ளி தானாக விழும். 1999 சென்னைத் தமிழிணைய மாநாட்டையொட்டி வகுத்த முறை அது. லினக்ஸின் விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்99 என்று பெயர் இருக்கும். ஆனால் அங்கே இருப்பது விசை வரிசை மட்டும். அதை மட்டும் தேர்ந்தால் புள்ளி தானாக விழாது. ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியையும் எம்17என் தொகுப்பையும் தனியாக நிறுவி, அங்கிருக்கும் தமிழ்99-ஐத் தேர வேண்டும். இது தெரியாமல் "லினக்ஸ்ல தமிழ் சரியா வராது" என்று திரும்பிப்போனவர்கள் பலர். காசு வாங்கி விற்கும் ஒரு டிஸ்ட்ரோ, நிறுவும்போதே 'தமிழ் தட்டுவீர்களா, எந்த முறையில்?' என்று கேட்டு இதை முடித்து வைக்கட்டும். அரை நாள் வேலை அது. அந்த அரை நாள் வேலைக்காகத்தான் மனிதர்கள் விலை கொடுப்பார்கள்.

பிரிண்டர் அடுத்தது. ஹெச்பி பிரிண்டர்கள் பெரும்பாலும் செருகியதும் ஓடும். அந்த நிறுவனமே லினக்ஸுக்கான மென்பொருளைத் திறந்த மூலமாகத் தருகிறது. ஆனால் எங்கள் பக்கத்துக் கடைகளில் கண்ணை மூடிக் கை வைத்தால் அகப்படும் ஒரு சின்ன லேசர் பிரிண்டர் இருக்கிறது. அதன் மொழி தனி, அதற்கான டிரைவர் பழையது. அதை லினக்ஸில் ஓடவைக்கும் வித்தை சர்வீஸ்காரர்கள் கைக்குக் கை மாற்றிக்கொள்ளும் ரகசியமாக இருக்கிறது. டப்ளினிலோ ஜெர்மனியிலோ உட்கார்ந்து டிஸ்ட்ரோ செய்கிறவர்களுக்கு அந்தப் பிரிண்டர் இவ்வளவு முக்கியம் என்று எப்படித் தெரியும்?

யாருமே கேட்காத ஒன்றும் உண்டு. புதிய முகப்பு, மினுங்கும் சன்னல்கள், கணினியை ஆட்டிப்பார்க்கும் நூறு அமைப்புகள்: இவற்றைக் கேட்டு ஒருவர்கூட என் கடைக்கு வந்ததில்லை. நேற்று இருந்த இடத்தில் இன்றும் பொத்தான் இருக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. டிஸ்ட்ரோ செய்கிறவர்கள் ஆண்டுதோறும் புதுமையை விளம்பரப்படுத்துகிறார்கள். என் வாடிக்கையாளர்கள் மாறாமையை வாங்க வருகிறார்கள்.

சோரின் இதைப் பெருமளவு புரிந்துகொண்டிருக்கிறது. ஆர்ட்யோம், கிரில் என்ற இரு சகோதரர்கள் டப்ளினில் தொடங்கி, 2009-இல் முதல் பதிப்பை வெளியிட்டார்கள். அடிப்படைப் பதிப்பு இலவசம். கூடுதல் வசதிகளும் நிறுவலுக்கான உதவியும் உள்ள புரோ பதிப்பு ஏறத்தாழ 48 டாலர். ஆனால் இங்கே அது நாலாயிரம் ரூபாய். பழைய லேப்டாப்பையே எட்டாயிரம், பத்தாயிரத்துக்கு வாங்கும் ஊரில் அது ஓடாது. நம் ஊரில் லினக்ஸின் போட்டி மைக்ரோசாஃப்ட் சொல்லும் விலையோடு அல்ல, உரிமமே இல்லாமல் ஏற்றப்படும் விண்டோஸின் விலையோடு.

அதற்காக இந்தியச் சிற்றூர்க்காரர்கள் மென்பொருளுக்கு ஆண்டுதோறும் பணம் கட்டமாட்டார்கள் என்று சொல்லிவிட முடியாது. க்விக் ஹீலைப் பாருங்கள். புனேயில் கால்குலேட்டர் பழுதுபார்ப்பவராகத் தொழில் தொடங்கிய கைலாஷ் கட்கரும், நிரல் எழுதிய அவர் தம்பி சஞ்சயும் கட்டிய நிறுவனம். ஊர் ஊராகச் சர்வீஸ் கடைகள் வழியாக அட்டைப்பெட்டியில் வைரஸ் தடுப்பு விற்றார்கள். ஆண்டு முடிந்தால் கடைக்காரரே நினைவூட்டிப் புதுப்பித்துக் கொடுப்பார், அவருக்கும் ஒரு பங்கு. 2016-இல் பங்குச்சந்தைக்குப் போகும் அளவு வளர்ந்தார்கள். டாலி கணக்கு மென்பொருளும் ஊர்தோறும் முகவர்களை வைத்துத்தான் கடைத்தெருக்களைப் பிடித்தது. பழுது வந்தால் யாரிடம் ஓடுவது என்பது வாங்கும் நாளிலேயே தெரிந்திருந்தது.

லினக்ஸ் விற்ற எந்தச் சிறு நிறுவனமும் இந்த வழியில் எங்களிடம் வரவில்லை. கணியம் இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றி எளிய தமிழில் எழுதிக் குவிக்கிறது. விழுப்புரம் லினக்ஸ் குழுவும் சென்னைக் குழுவும் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கின்றன. அந்த உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை. நானும் அங்கிருந்துதான் பலவற்றைக் கற்றேன். ஆனால் மாசக் கடைசியில் பில் போடும் ஜெராக்ஸ் கடைக்காரர் பிரிண்டர் நின்றால் தன்னார்வலரின் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்க முடியாது.

நான் கேட்பது இவ்வளவுதான்: ஒரு கணினிக்கு ஆண்டுக்கு ஐந்நூறு ரூபாய். பாதி நிறுவனத்துக்கு, பாதி ஊர்ச் சர்வீஸ் கடைக்கு. கடையால் தீராத சிக்கலை நிறுவனம் தமிழில் கேட்டுத் தீர்க்க வேண்டும். ஐந்தாண்டுக்குப் பொத்தான்கள் இடம் மாறக்கூடாது. மூலநிரல் திறந்தே இருக்கட்டும், படியெடுப்பவர்கள் எடுக்கட்டும். ஐந்நூறு ரூபாய் கட்டுகிறவர் கட்டுவது எடுத்துப் பேசும் ஆளுக்கு.

இன்றைக்கு எல்லோரையும் லினக்ஸுக்கு மாற்ற நான் முயல்வதில்லை. டாலியில் கணக்கு வைத்திருப்பவரை விண்டோஸிலேயே விடுகிறேன். ஆதார் கைரேகைக் கருவி வைத்துப் பணம் எடுத்துக் கொடுக்கும் கடைகளையும் அப்படியே விடுகிறேன். இங்கே புழங்கும் கருவிகளுக்குத் தயாரிப்பாளர்கள் தரும் மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும்தான். ஒரு தனிக் கடை கேட்டு இதை மாற்ற முடியாது. நூறு ஊர்க் கடைகளை முகவர்களாகச் சேர்த்த ஒரு லினக்ஸ் நிறுவனம் கேட்டால் தயாரிப்பாளர்கள் காது கொடுப்பார்கள். அப்படி ஒன்று இந்தப் பக்கம் வந்தால் கொடுப்பதற்கு, திருநள்ளாறிலிருந்து திருமலைராயன்பட்டினம் வரை எந்தக் கடையில் எந்த பிரிண்டர், எந்த ஸ்கேனர், எந்தத் தமிழ் எழுத்துரு ஓடுகிறது என்று எழுதி வைத்திருக்கிறேன்.